லீவில் நெய் வைத்தியம்: புதுச்சேரி அனுபவம்

பாரிஸுக்குப் பக்கத்தில் சர்செலில் இருக்கிறேன். அங்கே ஒரு மருத்துவமனையில் இரவு ஷிப்ட் வேலை. வயிற்றுத் தொந்தரவு பல வருடமாகக் கூடவே இருக்கிறது. சாப்பிட்டதும் உப்புசம், பாதி நாள் மலச்சிக்கல், திடீரென்று ஒரு நாள் இளகிப் போவது, எந்நேரமும் ஒரு மந்தம். பிரான்சில் குடல் டாக்டர் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) வரை எல்லாம் செய்து பார்த்துவிட்டார். புண் இல்லை, கட்டி இல்லை, கோதுமை ஒத்துக்கொள்ளாத நோயும் இல்லை. ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சல் குடல் நோய் என்று சொல்லி, நார்ச்சத்து சேர்த்துக்கொள், மன அழுத்தத்தைக் குறை என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் வயிறு அப்படியேதான் இருந்தது. அதனால் லீவில் புதுச்சேரிக்கு வந்தபோது ஆயுர்வேத நெய் வைத்தியம் செய்துகொண்டேன். மருந்து போட்டுக் காய்ச்சிய நெய்யைச் சில நாள் காலையில் வெறும் வயிற்றில் குடித்து, கடைசியில் பேதிக்கு எடுத்துக்கொள்வதுதான் அது.

பரிசோதனைகளை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாமல் எடை குறைவது, தூக்கத்தைக் கலைக்கிற வயிற்றுவலி, ரத்தசோகை, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நெய் வைத்தியத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

புதுச்சேரியில் ஆயுர்வேத போர்டுக்குக் குறைவே இல்லை. நான் முதலில் விசாரித்த இடத்தில் வரவேற்பறையிலேயே அச்சடித்த பேக்கேஜ் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். எத்தனை நாள் தங்குவீர்கள், அறை ஏசியா என்று கேட்டார்கள். வயிற்றுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நெய், ஒரே அளவு, கடைசி நாள் பேதி. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விகூட வராத இடத்தில் பேதி மருந்து வாங்கிக் குடிக்க நான் தயாராக இல்லை. கிளம்பிவிட்டேன்.

அப்புறம் தம்பி மனைவி சொல்லி, லாஸ்பேட்டை பக்கம் உள்ள ஒரு சின்ன ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மாஹேயில் உள்ள ராஜீவ் காந்தி ஆயுர்வேதக் கல்லூரியில் பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேத மருத்துவப் பட்டம் படித்தவர். மாஹே கேரளக் கரையில் இருந்தாலும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதால் நம் பிள்ளைகள் பலர் அங்கே போய்ப் படிக்கிறார்கள். தமிழ்ப் பெண். மலையாளத்துக்காரர்களின் நெய் வைத்தியப் பழக்கம் அவர் கையில் நன்றாகப் படிந்திருக்கிறது.

முதல் நாள் பேச்சே வெகுநேரம் போனது. எத்தனை மணிக்குப் பசிக்கிறது, பசிக்கிறதா அல்லது நேரமாகிவிட்டது என்று சாப்பிடுகிறீர்களா, மலம் மிதக்கிறதா, ஏப்பம் புளிக்கிறதா, இரவு வேலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிரெஞ்சு ரிப்போர்ட்டுகளை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். கடைசியில் வயிற்று ஸ்கேன், கொழுப்பு, சர்க்கரை, ஈரல் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

"பித்தப்பையில கல்லு இருந்தா நான் நெய் தர மாட்டேன்க்கா" என்றார். வெறும் வயிற்றில் அவ்வளவு கொழுப்பு இறங்கும்போது பித்தப்பை பலமாகச் சுருங்கும், கல் இருந்தால் அது குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் என்பதால் இந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

என்னோடு வந்த சித்தப்பாவும் தனக்கும் கொடுக்கச் சொன்னார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் தெருவில் சொல்தா (சிப்பாய்) வீடு என்றால் அவர் வீடுதான். அவருக்கு ஈரலில் கொழுப்பு, கொலஸ்டிராலும் அதிகம். டாக்டர் தன்மையாக மறுத்துவிட்டார். உங்களுக்கு நெய் வேண்டாம் ஐயா, நடையும் ராத்திரி சாப்பாட்டைக் குறைப்பதும்தான் மருந்து என்றார். சித்தப்பாவுக்கு வருத்தம். எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ரிப்போர்ட் சரியாக வந்த பிறகும் உடனே நெய் கிடைக்கவில்லை. முதலில் பசியைச் சரி செய்ய வேண்டும் என்று வைஸ்வானர சூரணத்தை வெந்நீரில் கொடுத்தார். நாக்கில் வெள்ளை படிந்திருக்கும் வரை, நிஜமான பசி வராத வரை, நெய் குடித்தால் அது செரிக்காது, புது நோய்தான் வரும் என்பது அவர் கணக்கு. லீவு நாட்கள் ஓடுகின்றன. பாரிஸிலிருந்து கணவர் இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று போனில் கேட்கிறார். டாக்டர் அசையவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், டிக்கெட் தேதிக்குத் தகுந்த மாதிரி இந்த வைத்தியம் நகராது.

எனக்குக் கொடுத்தது இந்துகாந்த கிருதம் என்ற மருந்து நெய். தேவதாரு, தசமூலம் (பத்து வேர்கள்) எல்லாம் போட்ட கஷாயத்தோடு பால் சேர்த்து, திப்பிலி, திப்பிலி மூலம், சுக்கு, செவ்வியம், கொடிவேலி அரைத்துப் போட்டு நெய்யில் காய்ச்சுவது. பொதுவாக இந்த மருந்து நெய்களுக்கு ஒரு விகிதம் உண்டு. அரைத்த மருந்து 1 பங்கு என்றால் நெய் 4 பங்கு, கஷாயம் போன்ற நீர்ப்பொருள் 16 பங்கு. நீர் முழுவதும் வற்றும் வரை மெதுவாகக் காய்ச்ச வேண்டும். பதம் பார்க்கும் முறையை மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மா எனக்கு ஆசையாகச் சொன்னார். திரியில் தோய்த்துக் கொளுத்தினால் படபடவென்று வெடிக்கக் கூடாது. நெய் என்றால் நுரை அடங்கும்போது பதம், எண்ணெய் என்றால் நுரை எழும்பும்போது பதம். பாட்டிலில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன். நீங்களும் பாருங்கள்.

காலை ஆறு மணிக்கு மேல் இளஞ்சூடாக்கி ஒரு சின்ன டம்ளரில் தருவார்கள். முதல் நாள் 30 மில்லி, பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாள் எத்தனை மணிக்குச் செரித்தது என்று பார்த்து அளவு கூட்டுவார்கள். கசப்பும் காரமும் கலந்த வாசம், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். குடித்த பிறகு வெந்நீர் மட்டும். பகலில் தூங்கக் கூடாது, காற்றடிக்க உட்காரக் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது. நெய் வாசம் இல்லாமல் ஏப்பம் வந்து நன்றாகப் பசித்தால்தான் கஞ்சி. நர்ஸ் வந்து வந்து கேட்டு நேரத்தை ஒரு தாளில் எழுதுவார். ஏப்பம், தாகம், தலைபாரம், குமட்டல், பசி, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். இந்தத் தாளைத்தான் நான் இந்த வைத்தியத்தின் உயிர் என்று சொல்வேன். ஒரு காலையில் எனக்குக் குமட்டல் அதிகமாகி, தலை கனத்தது. எலுமிச்சையை முகரச் சொல்லிவிட்டு, டாக்டர் வந்து தாளைப் பார்த்து அடுத்த நாள் அளவைக் கூட்டாமல் நிறுத்திவைத்தார். வீட்டில் தானாகக் குடிக்கிறவருக்கு இந்த முடிவை யார் எடுப்பார்கள்?

நூல்களில் சொன்ன கணக்கு 3 முதல் 7 நாள் வரை. ஆளுக்கு ஆள் மாறும். தோல் மென்மையாகி, மலத்தில் நெய்ப்பசை தெரிந்து, நெய்யைப் பார்த்தாலே வெறுப்பு வந்தால் போதும் என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்த வெறுப்பு தெளிவாகவே வந்தது. அதன் பிறகு எண்ணெய் தேய்ப்பு, மரப்பெட்டியில் நீராவி. பெண்களுக்குப் பெண்களே தேய்க்கிறார்கள், அறையும் துணியும் சுத்தம். பிறகு சிவதை வேர் சேர்ந்த லேகியத்தில் பேதி. அன்று முழுக்க ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உடலில் தங்கிய கெடுதலை நெய் இளக்கிக் குடலுக்குக் கொண்டுவரும், பேதி அதை வெளியேற்றும் என்பது ஆயுர்வேதம் சொல்லும் விளக்கம்.

நெய்யில் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது, அது குடலை ஆற்றும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். பெருங்குடல் செல்களுக்கு பியூட்டிரேட் உணவு என்பது சரிதான். ஆனால் அது நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது பெருங்குடலிலேயே உருவாவது. குடித்த நெய்யில் உள்ளது பெரும்பாலும் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதை நம்பி வீட்டில் ஸ்பூன் ஸ்பூனாக நெய் குடிக்காதீர்கள்.

உண்மையில் கஷ்டமான கட்டம் பேதிக்குப் பிறகு வந்தது. முதலில் கஞ்சித் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம், பயத்தம்பருப்பு, கடைசியில்தான் வழக்கமான சாப்பாடு. நேரம் பார்த்து மாசி மகம் வந்துவிட்டது. வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகனும் மற்ற ஊர்ச் சாமிகளும் வந்து நிற்க, வீட்டில் எல்லோரும் கிளம்பினார்கள், நான் வெயிலுக்குப் பயந்து உள்ளே இருந்தேன். கடலூரிலிருந்து வந்த பெரியம்மா, ஊருக்கு வந்த பிள்ளைக்கு வெறும் கஞ்சியா என்று வறுத்த வஞ்சிரத்தை நீட்டினார். அம்மாதான் எனக்காகப் பேசினார். "அப்பருக்குச் சூலை வந்து குடலே முறுக்குச்சாம், திலகவதி திருநீறு கொடுத்துத் திருவதிகை சாமிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. விருந்தா போட்டாங்க?" என்றார். பெரியம்மா வீட்டிலிருந்து திருவதிகை பக்கம்தான், பண்ருட்டியை ஒட்டி. மேலே பேசவில்லை.

பில் விவரமாக இருந்தது. அறை, தேய்ப்பு, சாப்பாடு, மருந்து தனித்தனி. நெய்க்கு ஆனது சொற்பம், ஆள்பலத்துக்கும் அறைக்கும்தான் பெரிய பங்கு. அது நியாயம் என்றே நினைக்கிறேன். பிரெஞ்சு காப்பீட்டில் இதற்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது.

இப்போது எப்படி இருக்கிறது? காலையில் வயிறு தானாகப் போகிறது, உப்புசம் நன்றாகவே குறைந்திருக்கிறது, பசி என்று ஒன்று நேரத்துக்கு வருகிறது. தொடர்ந்து இரவு ஷிப்ட் வந்தால் பழைய மந்தம் தலைகாட்டுகிறது. வைத்தியம் நடந்த வாரங்களில் நேரத்துக்குத் தூங்கியதும், சுடச்சுட எளிமையாகச் சாப்பிட்டதும், ஒருவர் என் வயிற்றைப் பற்றி முழுதாகக் கேட்டதும் சேர்ந்துதான் வேலை செய்தது. நெய்க்கு மட்டும் இந்தப் பெருமையைத் தர மாட்டேன். ஐ.பி.எஸ். வேரோடு போய்விடும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

போகிறவர்கள் ரிப்போர்ட்டுகளையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். லீவில் முழுதாக ஒரு மாதமாவது இதற்கென்று ஒதுக்குங்கள், கல்யாண வீடு, கோயில் பயணம் எதையும் அதற்குள் நுழைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், கணையத்தில் வீக்கம் வந்தவர்கள் இந்தப் பக்கம் போகவே வேண்டாம். திரும்பும்போது பாட்டில் பாட்டிலாக மருந்து நெய் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருள் கொண்டுவர அனுமதி இல்லை, நெய்யும் பால் பொருள்தான். நான் சூரணமும் பத்தியத் தாளும் மட்டும் எடுத்து வந்தேன்.