வீட்டு மாவு மிஷின்: நாலு தீபாவளிக்குப் பிறகு

மிஷின் ரிப்பேர் முடிந்து நேற்று சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தது. ராத்திரியே தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, உங்க வீட்ல இருக்கிற அதே மிஷின் பதிமூவாயிரத்துக்கு வந்திருக்கு, வாங்கிரட்டுமா?" அவன் பையனுக்குப் போன மாசம்தான் சீலியாக், அதாவது கோதுமை ஆகாத குடல் நோய், என்று சொல்லியிருக்கிறார்கள். நான் 2021-இல் இதே மிஷினுக்குப் பதினாறாயிரத்து ஐநூறு கொடுத்தேன். ரிப்பேர் செலவு ஒரு பக்கம், இந்த விலைச் செய்தி ஒரு பக்கம், அந்த நேரத்தில் அவனிடம் ஒழுங்காகப் பேச வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன், அவனும் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு ஹெச்.பி. மோட்டார், மேலே கொட்டினால் கீழே மாவு, கூடவே ஏழெட்டுச் சல்லடை. இதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டுக்கு இது ஏன் வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மகளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே பால் ஆகாது. பால் புரதத்துக்கு அலர்ஜி. பாலில் இருக்கிற சர்க்கரையான லாக்டோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெய் பெரும்பாலும் பரவாயில்லை, இவளுக்கு அதுவும் கூடாது. பாலை விட்டுச் சமைக்க நாங்கள் ஒருமாதிரி பழகிவிட்ட நேரத்தில், ஒன்பது வயதில் சீலியாக் வந்து சேர்ந்தது. உயரம் கூடவில்லை, ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறவே இல்லை என்று அலைந்து, டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எல்லாம் முடித்துச் சொன்னார்கள். இது அலர்ஜி இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்கத் தொடங்கும். மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் சாப்பாடுதான் வைத்தியம்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆறுதல் சொன்னார்கள். "நாம சோறு திங்கிற ஆளுங்கதானே, நமக்கென்ன?" பாதி உண்மை. மீதிப் பாதி திருநெல்வேலியில் இருந்துகொண்டு கேட்க நன்றாக இருக்காது. அல்வா என்பது சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து நெய்யில் கிண்டுவது, அவளுக்கு ஆகாத ரெண்டும் ஒரே சட்டியில். முதலூர் மஸ்கோத் அல்வாவில் தேங்காய்ப்பால்தான் என்று கேள்விப்பட்டு ஆசையாக விசாரித்தேன். அதில் மைதா. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும் மட்டும்தான், கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது, ஆனால் அதைச் செய்கிற பேக்கரியில் மைதா காற்றில் பறந்துகொண்டிருக்கும்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். கோதுமை, ரவை, சேமியா எல்லாவற்றையும் ஏறக்கட்டி எட்டு மாசம் ஆகியும் டிடிஜி எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. டயட்டீஷியன் அம்மா எங்கள் சாப்பாட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அரிசி மாவு எங்க அரைக்கிறீங்க?"

தெருமுனை மில்லில். எனக்கு முன்னால் நிற்பவர் ஐந்து கிலோ கோதுமை, அடுத்து என் பச்சரிசி. மில்லில் அரைத்த எல்லாருக்கும் தெரியும், முதலில் விழுகிற ரெண்டு கை மாவு முன்னால் அரைத்தவருடையது, நம்முடைய கடைசி ரெண்டு கை பின்னால் வருபவருக்குப் போகும். அது கணக்கிலேயே வராத விஷயம். ஆனால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று லேபிள் போடக் கூடாது என்பது நம் நாட்டு விதி. இருபது மில்லிகிராம் ஒரு சிட்டிகைகூட வராது. மில்காரர் நல்ல மனுஷன், சொன்னதும் புரிந்துகொண்டு எங்களுக்காக ரெண்டு கிலோ அரிசியை முதலில் ஓட்டிக் கழித்துவிட்டுத்தான் அரைத்துக் கொடுத்தார். ஆனாலும் கல்லிடுக்கிலும் துணிக்குழாயிலும் பல வருஷக் கோதுமை ஒட்டியிருக்கிறது, அதை என்ன செய்ய?

அப்படித்தான் மிஷின் வந்தது. வந்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் போட்டோம்: இதில் ஒரு மணி கோதுமைகூட விழக் கூடாது. அட்டைப்பெட்டியில் கோதுமைக் கதிர் படம் போட்டு விற்கிற மிஷின் அது, மூன்று வருஷமாகக் கோதுமையைப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி சப்பாத்திதான். ஒருநாள் நான் ஆபீஸ் போனபிறகு ஒரு கிண்ணம் கோதுமையோடு மிஷின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். மகள் ஓடிப்போய், "ஆச்சி, அது என் மிஷின்" என்று மறித்துவிட்டாள். ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அம்மாவுக்குப் பாக்கெட் மாவு, தனி டப்பா, தனிச் சப்பாத்திக் கல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டும்போது மறந்துபோகும். முறுக்கு மாவுக்கு இதை அடிக்க ஆளில்லை. நாலு பங்கு பச்சரிசி, ஒரு பங்கு வறுத்த உளுந்து, நடுத்தரச் சல்லடை. வெண்ணெய் போடுகிற இடத்தில் காய்ச்சிய தேங்காயெண்ணெய், இல்லாவிட்டால் கெட்டித் தேங்காய்ப்பாலிலேயே பிசைந்துவிடுவோம். தேங்காய்ப்பால் முறுக்கு ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் 2021 தீபாவளிக்கு அவள் கணக்கு வழக்கில்லாமல், 'இதில் என்ன இருக்கிறது' என்று யாரையும் கேட்காமல், டப்பாவில் கைவிட்டு எடுத்துத் தின்றாள். அதற்கே அந்தப் பதினாறாயிரத்து ஐநூறும் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். ரிப்பன் பக்கோடாவுக்குக் கடலைப்பருப்பையும் வீட்டிலேயே அரைக்கிறோம், கடை மாவில் என்ன கலந்திருக்குமோ என்ற பயம் போயிற்று. பெரிய சல்லடை போட்டால் உப்புமாவுக்கு அரிசி ரவை. சோளம், கம்பு, எல்லாம் ஓடுகிறது.

சத்தம் உண்டு. அரைக்கும்போது பக்கத்து வீட்டில் டிவி கேட்காது, அதனால் சீரியல் நேரம் பார்த்துத்தான் போடுவோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

குறை வேறு. அதிரசம்.

அதிரசத்துக்கு வேண்டியது ஈர மாவு. பச்சரிசியை ரெண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் வேட்டியில் பரப்பி, கையில் அள்ளினால் நாலு மணி அரிசி ஒட்டுகிற பதத்தில் அரைக்க வேண்டும். காயவிட்டு அரைத்த மாவைப் பாகில் கிளறினால் ஒன்று கல்லாகிவிடும், இல்லை எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். மில்லில் ஈர அரிசிக்கென்றே தனி மிஷின் இருக்கும், பண்டிகைக்கு முந்தின வாரம் அங்கே தூக்குவாளிகள் வரிசை கட்டி நிற்கும். வீட்டு மிஷின் ஈரத்தைத் தாங்காது. சல்லடைக் கண் ஒவ்வொன்றிலும் மாவு பசையாகி அடைத்துக்கொள்ளும். இது கையேட்டில் எழுதியிருக்கிறது, பதினான்காம் பக்கத்தில், எறும்பு எழுத்தில். கடையில் காட்டும்போது அந்தத் தம்பி கோதுமையும் மிளகாயும் அரைத்துக் காட்டினான், நானும் அதிரசத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் மேல் முழுப் பழியும் போட முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னால் இந்த மிஷினை விற்கிறவன் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா?

முதல் வருஷம் தெரியாமல் போட்டுச் சல்லடை அடைத்தது, பல்குச்சியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தேன். அடுத்த ரெண்டு வருஷம் மிக்ஸிதான். ஒரு கிலோ அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக அரைத்து, சலித்து, கப்பியை மறுபடி அரைத்து, மிக்ஸி சூடேறினால் நிறுத்தி, ஒன்றரை மணி நேரம். போன மாசம், இந்த நாலாவது தீபாவளிக்கு, எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. கொஞ்சம் கூடுதலாகக் காயவிட்டால் மிஷினும் ஏற்கும், அதிரசமும் வரும், ரெண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்குமே என்று. முதல் கால் கிலோ ஓடியது. அப்புறம் கீச்சென்று இருந்த சத்தம் இறங்கி முனக ஆரம்பித்தது, முனகல் நின்று வெறும் 'ம்ம்ம்' என்றது, கருகின வாடை. திறந்து பார்த்தால் சல்லடைக்குள் களி கிண்டி வைத்தது மாதிரி.

சர்வீஸ் சென்டரில் மூடியைத் திறந்த உடனே, "ஈரம் போட்டிருக்கீங்க, வாரண்டி கிடையாது" என்றார்கள். மோட்டாருக்கு ஐந்து வருஷ வாரண்டி என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள். சரி, தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மோட்டாரையே மாற்ற வேண்டும், ஐயாயிரத்து எண்ணூறு ஆகும் என்றார்கள் பாருங்கள், அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. திருப்பித் தூக்கிவந்து பாளையங்கோட்டையில் மோட்டார் வைண்டிங் செய்கிற பெரியவரிடம் கொடுத்தேன். தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "காயில் எரியலை தம்பி, கண்டன்சர்தான் போயிருக்கு." முன்னூற்றைம்பது ரூபாய். கையில் வேலை நிறைய இருந்ததால் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மிஷின் இல்லாத அந்த மூன்று வாரமும் நாங்கள் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை, அதையும் எழுதியாக வேண்டும். தீபாவளி மத்தியானம் சொதி. பாசிப்பருப்பு, காய்கள், தேங்காய்ப்பால், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, ரெண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்கிய பிறகுதான் முதல் பால், அதைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். மறுவீட்டு விருந்துக்கு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வைக்கிற குழம்பு, அதில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை, யாரும் இவளுக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. பாயசத்துக்கும் அதே தேங்காய்ப்பால் கணக்கு, சேமியாவுக்குப் பதில் ஜவ்வரிசி. தயிர்சாதத்துக்கு வேர்க்கடலைத் தயிர்: ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஏழெட்டுப் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் காலை உறைந்திருக்கும். முதல் உறை சுமாராக இருக்கும், அதையே அடுத்ததற்கு உறையாக ஊற்றினால் நன்றாக வரும். தேங்காயெண்ணெயில் மைசூர்பாகு மட்டும் செய்துவிடாதீர்கள். தலைக்குத் தேய்க்கிற வாசனை, ஒருவரும் ரெண்டாவது துண்டு எடுக்கவில்லை.

தூத்துக்குடித் தம்பிக்கு இன்னொன்று, மிஷினுக்குச் சம்பந்தமில்லை ஆனால் மிஷினைவிட முக்கியம். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படி. கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள், கட்டிப் பெருங்காயத்திலும்தான். நாங்கள் மில்லை மாற்றி, தோசைக்கல்லை மாற்றி, எல்லாம் செய்துவிட்டு ரசத்தில் தினமும் கோதுமையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் என்று லேபிளில் எழுதியே விற்கிறார்கள், தேடி வாங்கு. மால்ட் என்று போட்ட சத்துப் பானம் எதுவும் வேண்டாம், அது பெரும்பாலும் பார்லி.

மிஷினுக்குத் தீர்ப்பு. மூன்று வருஷத்தில் டிடிஜி இறங்கியது, பிள்ளை வளர்ந்தாள், முறுக்குக்கும் தட்டைக்கும் குறையில்லை. இருந்தாலும் நீ வாங்காதே. பதிமூவாயிரம் கொடுத்து ஒரு மிஷின் வாங்கி, பண்டிகைக்குப் பண்டிகை அதன் முன்னால் நின்று அதிரசத்தை நினைத்துப் பல்லைக் கடிக்க வேண்டாம். அந்தக் காசில் நல்ல மிக்ஸி ஒன்று வாங்கு, பையனுக்கென்று தனியாக வை, மீதியைப் பெருங்காயத்துக்கு வைத்துக்கொள்.

உலர்ந்த மாவு வேண்டுமென்றால் இங்கேயே வந்து அரைத்துக்கொள், ஒரு மணி நேரப் பயணம். கார்த்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வா, ஓலைக் கொழுக்கட்டைக்குச் சேர்த்தே அரைத்துவிடலாம். அதற்கு உலர்ந்த மாவை வறுத்துக் கருப்பட்டிப் பாகில் பிசைந்தாலே போதும், பனையோலைக்குள் ஆவியில் வேகும்போது பதமாகிவிடுகிறது, ரெண்டு வருஷமாகப் பார்த்துவிட்டோம். குருத்தோலை உங்கள் பக்கம்தான் நன்றாகக் கிடைக்கும், ஒரு கட்டு கொண்டு வா. அரிசியைக் கழுவி ரெண்டு நாள் வெயிலில் காயவைத்துப் புதுப் பையில் போட்டுக்கொண்டு வா. கோதுமை வைத்திருந்த பை ஆகாது. வாசலிலேயே ஒரு பிடி அள்ளிப் பார்ப்பேன், ஒரு மணி கையில் ஒட்டினாலும் மொட்டை மாடிக்குத்தான் போகும்.