மூடுபனி ஊரில் நீர்ப்பறவைப் படம்: 150-600 ஜூமா, 500 பிரைமா?

கொடைக்கானலில் குடியிருந்துகொண்டு நீர்க்காகங்களையும் மீன்கொத்திகளையும் படமெடுக்க விரும்புகிறவருக்கு நீள லென்ஸ் ஒன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த நீள லென்ஸ் என்ற கேள்விக்கு விடை காண எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. 2018இல் 150-600 மி.மீ. ஜூம் (நெருக்கத்தை வேண்டியபடி கூட்டிக் குறைக்கக்கூடிய லென்ஸ்) ஒன்றைப் புதிதாக வாங்கினேன். 2022இல் அதை விற்றுவிட்டு, நிக்கானின் 500 மி.மீ. எஃப்/5.6 பி.எஃப். லென்ஸை (நெருக்கம் மாறாத ‘பிரைம்’ வகை; எடையைக் குறைக்கும் ‘ஃபேஸ் ஃப்ரெனெல்’ என்ற சிறப்புக் கண்ணாடி கொண்டது) ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். இரண்டையும் ஒரே நிக்கான் டி500 கேமராவில் பொருத்தி, மேலே கொடைக்கானல் ஏரியிலும் பேரிஜம் ஏரியிலும், கீழே பழனி அடிவாரத்து அணைகளிலும் குளங்களிலும் பயன்படுத்தியிருக்கிறேன். என் சாய்வு 500 பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்வுக்குக் காரணம் படத்தின் கூர்மையைக் காட்டிலும், இந்த மலையின் ஈரம்.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். ஜூம் விலை குறைவு; பி.எஃப். அதைவிட இரு மடங்குக்கும் மேல். ஜூம் ஏறத்தாழ இரண்டு கிலோ, பி.எஃப். 1,460 கிராம். ஜூம் 600 மி.மீ. முனையில் எஃப்/6.3, பி.எஃப். எஃப்/5.6 (இந்த எண் குறையக் குறைய உள்ளே வரும் ஒளி கூடும்). இந்த வேறுபாடு மூன்றில் ஒரு நிறுத்தம்தான் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இரு மடங்கு). கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 2000 போதுமான இடத்தில் ஜூமுக்கு 2500 வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. கூர்மையில் பி.எஃப். மேலானது, ஆயினும் நல்ல ஒளியில் அளவான அச்சுக்கு ஜூமின் படமும் குறைசொல்ல முடியாததாகவே இருந்தது.

எட்டும் தொலைவில் ஜூமுக்கே வெற்றி. டி500இன் உணரி சிறியது என்பதால், அதில் 600 மி.மீ. என்பது முழு அளவு உணரியில் 900 மி.மீ.க்கு ஈடான பார்வையைத் தருகிறது, 500 மி.மீ. 750க்கு ஈடானதைத் தருகிறது. ஒரே இடத்தில் நின்று எடுத்தால் 600இல் பறவை நிரப்பும் பரப்பு 1.44 மடங்கு அதிகம். அடிவார அணைகளில் நீர் வற்றி, நாரைகள் சேற்றின் நடுவே ஒதுங்கிவிடும் கோடையில் இந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும். கொடைக்கானல் ஏரியில் அவ்வளவு உறைக்காது. 1863இல் அப்போதைய மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் கரைகட்டித் தேக்கிய அந்த ஏரி விரல்களைப்போலப் பல கிளைகளாகப் பிரிந்து கிடப்பதால், கிளைகளின் ஓரத்தில் பல இடங்களில் எதிர்க்கரை அண்மையிலேயே இருக்கிறது. ஏரியைச் சுற்றும் சாலையில் நாள்தோறும் மனிதர்களைப் பார்த்துப் பழகிய மடையான்களும் சின்ன நீர்க்காகங்களும், நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தால், 500 மி.மீ.க்கே போதுமான தொலைவில் தம் வேலையைத் தொடர்கின்றன.

பறவையைக் கண்டுபிடிப்பதிலும் ஜூமுக்கு உண்மையான ஆதாயம் உண்டு. முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கிய இடத்தில் எழுவதில்லை. 200 மி.மீ.யில் அகலமாகப் பார்த்துக்கொண்டிருந்து, தலை தெரிந்தவுடன் 600க்கு நீட்டுவது எளிது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று, சட்டெனத் தலைகீழாக விழும்போதும் அப்படித்தான். நீர்ப்பரப்பையும் சேர்த்துப் பார்க்கும் வசதி இருந்தால் அது நீரைத் தொடும் இடம் சட்டத்துக்குள் இருக்கும். பி.எஃப். வாங்கிய முதல் சில மாதங்கள் வெறும் நீரையே நிறையப் படமெடுத்தேன். பிறகு இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, இடக்கண்ணால் ஏரியையும் வலக்கண்ணால் காட்சித்துளையையும் பார்க்கப் பழகினேன். குவியத்தை எட்டு மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடும்படி லென்ஸின் பொத்தானை வைத்துவிட்டால், முன்னால் ஆடும் கோரைப்புல்லில் போய்ச் சிக்குவதும் குறைகிறது. பாம்புத்தாரா மீனை அலகால் குத்தி எடுத்து, மேலே தூக்கிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கும் காட்சி எனக்கு இந்த 500இல்தான் முதன்முதலாக முழுமையாகக் கிடைத்தது. அதற்குக் காரணம் லென்ஸின் எடைதான் என்று நம்புகிறேன். அந்தப் பறவை கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்திய நாற்பது நிமிடமும் என்னால் கை ஓயாமல் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. படகில் போகிறவருக்கும் இது பொருந்தும். துடுப்பின் அசைவில் முக்காலிக்கு வேலையே இல்லை. எல்லாம் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றை மட்டும் எடைபோட்டால், பணத்தை எண்ணிச் செலவழிக்க வேண்டியவர் ஜூமையே வாங்கலாம் என்றுதான் நானும் சொல்வேன். 2018இல் நான் செய்ததும் அதுதான். அப்போது நான் எண்ணிப் பார்க்காத ஒன்று பூஞ்சை.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் சாரலும் வடகிழக்குப் பருவமழையின் கனமழையும் இந்த மலைக்கு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் சாளரத்தின் வழியாக வீட்டுக்குள்ளேயே நுழையும். அந்த மாதங்களில் என் அறையில் தொங்கும் ஈரப்பதமானி பல நாட்கள் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. லென்ஸின் உள்ளே பூஞ்சை வளர 60, 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரமும், கொஞ்சம் தூசியும், இருட்டும் இருந்தால் போதும். இவை மூன்றும் கேமராப் பையின் உள்ளே எப்போதும் கிடைக்கின்றன.

இந்த ஈரம் இரண்டு லென்ஸ்களுக்கும் ஒன்றுதான். ஆனால் அது உள்ளே போகும் வழி ஒன்றல்ல. 150-600 ஜூமை 600க்குத் திருப்பும்போது அதன் முன்குழல் வெளியே நீள்கிறது. உள்ளே இருக்கும் இடம் பெருகுகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சுருக்கும்போது காற்று வெளியேறுகிறது. கொல்லன் துருத்தி வேலை செய்வதும் இப்படித்தான். ஒரு காலைப் பொழுதில் நீர்க்காகங்களைத் தொடர்ந்தால் நூறு முறையாவது ஜூமைத் திருப்புகிறோம். அத்தனை முறையும் ஏரியின் மூடுபனி லென்ஸின் வயிற்றுக்குள் போய் வருகிறது. நீர்த்துளி புகாதபடி ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது மழைத்துளியைத் தடுக்கும். ஆனால் முன்குழல் நீள வேண்டுமானால் காற்று எங்கிருந்தாவது வந்தே தீர வேண்டும்; காற்றோடு நீராவியும் வரும். என் 500 பிரைமில் வெளிக்குழல் அசைவதே இல்லை. குவியமாற்றம் முழுவதும் உள்ளேயே நடக்கிறது. அதுவும் காற்றுப் புகாத பெட்டி அன்று. ஆனாலும் காற்று மாறுவது மிக மெதுவாகத்தான்.

இதைவிடக் கொடியது மலையிறக்கம். டிசம்பரில் இருட்டோடு கிளம்பிப் பெருமாள்மலை வழியாகப் பழனிக்கு இறங்கினால், வண்டியின் பின்புறத்தில் கிடந்த லென்ஸ் பத்து டிகிரிக் குளிரிலேயே அடிவாரத்துக்கு வந்து சேர்கிறது. 30 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்று, ஏறத்தாழ 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீராகப் படியும். அணைக்கரையில் இறங்கியவுடன் பையைத் திறந்தால் முன்கண்ணாடி வியர்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அது துணியால் துடைக்கக்கூடியது. ஆனால் அதே நேரத்தில் ஜூமை நீட்டினால், அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்றைக் குளிர்ந்த உட்கண்ணாடிகளின் நடுவே நாமே இழுத்து விடுகிறோம். அங்கே படியும் நீரை எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. மூன்று ஆண்டுகள் நான் இதைத்தான், தெரியாமல், திரும்பத் திரும்பச் செய்துவந்தேன்.

2021 மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காட்சிக்கு வந்த நீர்க்காகம், சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. சூரியன் அதன் பின்னால். கரிய சிறகு சாம்பல் பூசியதுபோல் படத்தில் வெளுத்து விழுந்தது. முதலில் மூடுபனி என்றே நினைத்தேன். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி இழைகள்போல் வெண்ணிற நூல்கள் படர்ந்திருந்தன. ஒளி நம் முதுகுப்புறம் இருக்கும்போது இந்தப் பூஞ்சை படத்தில் தெரிவதே இல்லை. எதிரொளியில்தான் தெரிகிறது. நீர்ப்பறவையைப் படமெடுக்கிறவருக்கோ எதிரொளி தவிர்க்க முடியாதது. நீரே பாதி நாள் கண்ணாடியாக நின்று ஒளியைத் திருப்பி அடிக்கிறது.

மதுரையில் பழுதுபார்ப்பவர் லென்ஸைக் கையில் வாங்கியதும், பெயர் கேட்கும் முன்னே, “சார் கொடைக்கானலா, ஊட்டியா?” என்று கேட்டார். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும் என்றும், கழுவினால் இழை போகும், தழும்பு போகாது என்றும் விளக்கினார். பிரித்துப் பார்த்தபோது பூஞ்சை பிடித்திருந்த இரண்டு கண்ணாடிகளில் ஒன்று தெளிந்தது. மற்றொன்றில் தழும்பு தங்கிவிட்டது. வாங்குகிறவரிடம் அதை மறைக்க மனம் வரவில்லை. சொல்லியே விற்றதால், வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. அந்த இழப்பையும் கழுவிய கூலியையும் கூட்டிப் பார்த்தால், ஜூமுக்கும் பி.எஃப்.க்கும் இடையே இருந்த விலை வேறுபாட்டில் பெரும்பகுதி அதிலேயே கரைந்திருந்தது.

நான் ஜூமைப் பேணிய முறையிலும் தவறு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது என்னிடம் ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின்பெட்டியான டிரை கேபினட் இல்லை. இப்போது இருக்கிறது, அதை 45 விழுக்காட்டில் வைத்திருக்கிறேன். 30க்குக் கீழே போனால் உள்ளிருக்கும் மசகு உலர்ந்துவிடலாம் என்பதால் அதற்குக் கீழே இறக்குவதில்லை. புயல் மழையில் மின்சாரம் நாள்கணக்கில் போய்விடும்போது, ரப்பர் விளிம்பு கொண்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோவோடு லென்ஸை மூடி வைக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய இரும்புச்சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மீண்டும் நீலமாக்கிக்கொள்கிறேன். மலையிறங்கும் நாட்களில் பையின் ஜிப்பைத் திறக்காமல், அணைக்கரையில் முக்கால் மணி நேரம் நிழலில் வைத்திருந்து, லென்ஸ் வெளிவெப்பத்துக்கு வந்த பிறகே எடுக்கிறேன். இந்த ஒழுங்கு 2018இலேயே இருந்திருந்தால் ஜூமும் இன்னும் சில ஆண்டுகள் பிழைத்திருக்கும். ஆயினும் ஏரிக்கரையில், மூடுபனியின் நடுவே, படமெடுக்கும் அந்த மணிநேரங்களில் எந்தப் பெட்டியும் உதவாது. அங்கே ஜூம் மூச்சு வாங்கிக்கொண்டேதான் இருக்கும். பி.எஃப். என்னிடம் மூன்று மழைக்காலங்களைக் கடந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இன்றுவரை தெளிவாகவே இருக்கிறது.

பி.எஃப்.இன் குறைகளையும் சொல்ல வேண்டும். அதன் எடை குறைந்ததற்குக் காரணமான அந்தச் சிறப்புக் கண்ணாடி, வலுவான ஒளி நேராக விழும்போது வளையம் வளையமாக நிறக்கசிவைக் காட்டக்கூடும். விடியலில், நீர்மேல் தெறிக்கும் சூரியப் புள்ளிகளுக்கு முன்னே நீந்தும் முக்குளிப்பானை எடுத்தபோது ஓரிரு முறை எனக்கு அது நேர்ந்தது. கணினியில் ஓரளவு சரிசெய்ய முடிந்தது. மிக அருகில் குவிப்பதற்கு 3 மீட்டர் வேண்டும். ஏரிச்சாலைக் கம்பியில் வந்தமரும் வெண்தொண்டை மீன்கொத்தியின் முன்னே இரண்டடி பின்வாங்க வேண்டி வந்திருக்கிறது. கொக்கோடு சோலையையும் மலையையும் சேர்த்து ஒரே படத்தில் காட்ட விரும்பினால், வேறொரு லென்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஈரத்தில், திறந்தவெளியில், லென்ஸை மாற்றுவது கூடாது.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது: நீட்டினாலும் வெளிக்குழல் நீளாத ஜூம். சோனியின் 200-600 2019இல் வந்தது. நிக்கானின் இசட் 180-600 2023இல் வந்தது. துருத்திச் சிக்கலுக்கு இவை தக்க விடையாகத்தான் தெரிகின்றன. நண்பரின் 180-600ஐ இரண்டு நாட்கள் பேரிஜத்தில் பயன்படுத்தினேன். நீர்க்காகத்தைத் தேடிப் பிடிப்பதில் என் பழைய ஜூமின் வசதி முழுவதும் இருந்தது, எடையும் கூடவே இருந்தது. இரண்டு நாள் பழக்கத்தை வைத்து மழைக்கால உறுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இவை பொருந்தும் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராவுக்கு மாறிவிட்ட ஒருவர் மலையில் வாழ்ந்தால், என் 500க்கு முன்னே அதையே ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். கேனனின் எடை குறைந்த 800 மி.மீ. எஃப்/11ஐ இங்கே நான் கணக்கில் எடுக்கவில்லை. எஃப்/5.6 தரும் ஒளியில் கால் பங்குதான் அது தருகிறது. மீன்கொத்தி பாய்வதற்கு நொடியில் 3,200இல் ஒரு பங்கு வேகம் கேட்கும் மூடுபனிக் காலையில் அது போதாது.

திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இருந்துகொண்டு, ஆண்டுக்கு இருமுறை மலையேறுகிறவருக்கு நான் சொன்ன பெருங்காரணம் பாதிகூடப் பொருந்தாது. அவர் ஜூமை வாங்கி, மீந்த பணத்தில் டிரை கேபினட்டும் வாங்கலாம். மலையிலேயே இருக்கிறவர் எதை வாங்கினாலும், பழையதாக வாங்குவதாக இருந்தால், அது எந்த ஊரில் இருந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும். இருட்டறையில் பின்கண்ணாடி வழியாகச் சாய்வாக டார்ச் அடித்து, முன்னாலிருந்து பார்க்க வேண்டும். ஜூமாக இருந்தால் சுருக்கிய நிலையில் ஒருமுறை, முழுதும் நீட்டிய நிலையில் ஒருமுறை என இருமுறை பார்க்க வேண்டும். சுருங்கிய குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி நிற்கும் கண்ணாடிகளின் ஓரத்து இழை, நீட்டினால்தான் கண்ணில் படும்.