ஐந்து அலமாரிகளில் ஒரு பாலாறு

இது ஒரு கிளை நூலகத்தைப் பற்றிய மதிப்புரை. வேலூர் மாவட்டத்தில், பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறது அந்த நூலகம். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். அங்கே பணியில் இருப்பவர் ஒரே ஒரு நூலகர். நான் சொல்லப்போகும் குறைகளில் ஒன்றுகூட அவரால் வந்ததில்லை. ஆனால் பெயரைப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார். இந்தப் பக்கத்தில் எந்தக் கிளை நூலகத்தில் உறுப்பினராக இருப்பவருக்கும் இதில் பாதியாவது தெரிந்த கதையாகவே இருக்கும்.

நான் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். பகல் முழுவதும் வந்த தோல், போன தோல், சுண்ணாம்பு, உப்பு, கூலி என்று ஒரே தடத்தில் போகிறது. மாலையில் படிப்பதாவது பல திசைகளில் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். நாவலும் கவிதையும் எனக்கு உயிர்தான். ஆனால் வாசிப்பு என்றால் கதை, கட்டுரை என்று அதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பாம்பு, சட்டம், வானிலை, கட்டடம், இசை, மண், பணம் எல்லாமே படிக்கத்தான் இருக்கின்றன. இப்படிப் படிக்க நினைப்பவருக்கு இந்த நூலகம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பெரிய நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அலமாரிகள் திறந்து கிடக்கின்றன. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே போய் எடுக்கலாம், புரட்டலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டுப் பக்கத்து நூலை எடுக்கலாம். சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. கேட்டதைத் தேடிக் கொடுத்தால் அது நிறைவேறிவிடும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்ற மூன்றாவது விதியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். இப்படி ஒரு நூல் இருக்கிறது என்றே அறியாதவர் அதை எப்படிக் கேட்பார்? அவர் கண்ணில் அது பட வேண்டும். அதற்கு அலமாரி திறந்திருக்க வேண்டும். பல துறைகளில் படிக்க விரும்புபவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

அலமாரிகள் தசமப் பகுப்பு எண்களின்படி நிற்கின்றன. 100 தத்துவம், 200 சமயம், 300 சமூகம், 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலை, 900 வரலாறு என்று நூலின் முதுகில் ஒட்டிய சீட்டே வழி சொல்லும். இந்த எண்களோடு பழகிக்கொள்ளும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அவற்றின் அருமை புரிந்தது பாலாற்றைப் பற்றி அறிய முயன்றபோதுதான். பாலாறு என்ற தலைப்பில் ஒரு நூலும் இங்கே இல்லை. நூலகர் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆறு என்று தேடாதீர்கள் சார், அதற்கு என்ன ஆயிற்று என்று தேடுங்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியம் பல மாதப் படிப்புக்கு வழி திறந்தது.

675-இல் தோல் பதனிடுதல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பல வாரங்கள் பதனிட்ட பழைய முறையும், ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும் குரோமியமும் அங்கே விளக்கப்பட்டிருந்தன. நான் தினமும் கணக்கில் ஏற்றும் சரக்குகள் தொட்டிக்குள் போய் என்ன செய்கின்றன என்பதை அந்தப் பக்கங்களில்தான் தெளிவாகத் தெரிந்துகொண்டேன். அடுத்து 628, கழிவுநீர். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்புதான் பின்னால் கழிவுநீரில் கரைந்து வருகிறது, கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம் என்று அங்கே படித்தேன். 344-இல் சுற்றுச்சூழல் சட்டம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்துத் தொடுத்த வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிற அந்த வழக்கின் பெயரில் இருப்பது நம் ஊர்! 551-இல் நிலத்தடி நீர். மணலுக்கு அடியில் ஓடும் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று படித்த பிறகுதான், பாலாற்று மணலில் ஊற்றுக் கால்வாய் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோன முன்னோரின் கணக்கு புரிந்தது. கடைசியாக 954, வரலாறு. 1903-இல் பாலாற்றில் வெள்ளம் வந்து வாணியம்பாடி சீரழிந்த செய்தி அங்கே இருந்தது. மணல்வெளியாகவே ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள், 2021 நவம்பரில் அது கரைபுரண்டபோது ஏன் அவ்வளவு திகைத்தார்கள் என்பதும் விளங்கியது.

ஆக, ஒரே ஆறு ஐந்து அலமாரிகளில் கிடக்கிறது. பல துறைகளைத் தொட்டுப் படிப்பதை நேரம் போக்கும் பழக்கம் என்று நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். வேதியியல் மட்டும் படித்தவருக்கும் சட்டம் மட்டும் படித்தவருக்கும் வரலாறு மட்டும் படித்தவருக்கும் நம் ஆற்றில் ஆளுக்கொரு துண்டுதான் கிடைக்கும்.

இனி, நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது. என் அட்டைக்கு இரண்டு நூல்கள் தருகிறார்கள். பழகிய அலமாரியிலிருந்து ஒன்று, இதுவரை போகாத எண்ணிலிருந்து ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னுரையை நம்பி எடுப்பதில்லை. முன்னுரையில் எல்லாரும் நன்றாகவே எழுதுகிறார்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத ஒரு விஷயத்தை ஆசிரியர் எப்படி விளக்குகிறார் என்று நின்றபடியே படிக்கிறேன். ஓர் எடுத்துக்காட்டு, ஒரு படம், ஓர் அளவு அந்தப் பக்கத்தில் இருந்தால் நல்ல அறிகுறி. பின்னால் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல், இருந்தால் இன்னும் நல்லது. சொல்லடைவு தொகுக்கப் பாடுபட்டவர் உள்ளேயும் பாடுபட்டிருப்பார்.

எனக்குப் பிடித்த அளவுகோல் இன்னொன்று இருக்கிறது: கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. மழையைப் பற்றிய ஒரு நூலின் சீட்டு இப்போதும் நினைவிருக்கிறது. பழுப்பேறிய தாள், ஓரத்தில் பசை வழிந்து காய்ந்த தடம். ஊதா மையில் 1987 முதல் முத்திரைகள். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. சில சாய்ந்து விழுந்திருந்தன, சில மை தீர்ந்து வெளிறியிருந்தன. 2003-க்குப் பிறகு ஒன்றுமில்லை. அடுத்த முத்திரை எனக்காகக் குத்தியது. இப்படி மெதுவாக, ஆனால் விடாமல் ஆள் மாற்றி ஆள் எடுத்துப்போன நூல் அநேகமாக ஏமாற்றுவதில்லை. ஒரே ஆண்டில் நெருக்கியடித்துக்கொண்டு முத்திரைகள் விழுந்து அதோடு நின்றுபோன நூலைச் சற்று யோசித்தே எடுப்பேன்; ஏதோ ஒரு தேர்வுக்காக வாங்கப்பட்டதாக இருக்கும்.

அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. சில துறைகள் சீக்கிரம் பழசாகும், சில துறைகள் ஆகாது. ஒரே நூலுக்குள்கூட இந்த வேறுபாடு வரும். 597-இல் பாம்புகளைப் பற்றிய பழைய நூல் ஒன்று இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அடையாளம் காண அதிலுள்ள படங்களும் குறிப்புகளும் இன்றைக்கும் சரியானவை. ஆனால் முதலுதவி அத்தியாயம் கடிவாயைக் கீறச் சொல்கிறது, இறுகக் கட்டச் சொல்கிறது. இரண்டும் கூடாது என்பதுதான் இன்றைய மருத்துவம்: கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சுற்றிலும் வயல் இருக்கும் ஊரில் அந்த அத்தியாயம் உயிருக்கே ஆபத்து. நூலகரிடம் சொன்னேன், அன்றே அந்த அத்தியாயத்தின் முன்னால் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டினார்.

520-இல் வானியல். இங்கிருந்து எட்டிப் போகும் தூரத்தில், ஜவ்வாது மலையில் காவலூரில், 1986-இல் தொடங்கி வைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அந்த மலையடிவாரத்து மாவட்டத்தின் நூலகத்தில் வானியல் நூல்கள் ஒரு முழத்துக்கு மேல் தேறாது. இருப்பவற்றிலும் பெரும்பாலானவை புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து நீக்கிய 2006-க்கு முந்தியவை. இதை ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்க நல்ல நூல் ஒன்று வேண்டாமா?

சட்ட அலமாரி இதைவிட மோசம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அலமாரியில் பழைய சட்டம்தான் வரிசையாக நிற்கிறது. வாடகை பற்றிய நூலும் 1960 சட்டத்தையே விளக்குகிறது; அதற்குப் பதிலாக வந்த 2017 சட்டம் 2019 பிப்ரவரியிலேயே அமலாகிவிட்டது. வீட்டுக்காரரோடு தகராறு என்று தேடி வருபவர் இதைப் படித்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? இந்த நூல்களைக் கழித்துவிட வேண்டும். முடியாவிட்டால் தனியாகப் பழஞ்சட்டம் என்று எழுதி வைக்க வேண்டும். கழிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டுமாம்.

இன்னொரு குறை, போட்டித் தேர்வு நூல்கள். அவற்றைத் தேடி வரும் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். அரசு வேலை ஒரு குடும்பத்தையே நிமிர்த்திவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் புதிதாக வாங்குவதில் பெரும்பகுதி அங்கே போய்விட, 500-களும் 700-களும் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கின்றன. இசை, ஓவியம், சிற்பம் எல்லாம் சேர்ந்து ஒரே தட்டு. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துவிட்டு வந்து, சிற்பத்தைப் படிக்கலாம் என்று தேடியவனுக்குக் கிடைத்தது ஒரு மெல்லிய நூல்தான்.

மேற்கோள் நூல்கள் (ரெஃபரன்ஸ்) பகுதி இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தொகுத்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் இங்கே இருக்கின்றன. முதல் தொகுதி வெளிவந்த ஆண்டு 1954. வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். புள்ளிவிவரங்களுக்காக அதை எடுக்காதீர்கள். ஒரு துறைக்குள் என்னென்ன பிரிவுகள் உண்டு, எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எடுங்கள். ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அலமாரிக்குப் போனால் கண் தானாகவே சரியான நூல்களில் நிற்கும். புதிய துறைக்குள் நுழையும்போது சிறுவர் பகுதியில் தொடங்குவதும் நல்ல வழி. மின்சாரத்தைப் பற்றி எனக்கு இருந்த குழப்பங்களை ஒரு சிறுவர் நூல்தான் தீர்த்தது. வயதானவர் அந்தப் பக்கம் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

1960-களிலும் 70-களிலும் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் அச்சிட்ட பாடநூல்களையும் கீழ்த்தட்டில் பாருங்கள். குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், தூசியும் இருக்கும். நிலவியல், தருக்கம் போன்ற துறைகளில் பேராசிரியர்கள் பொறுமையாக எழுதியவை. நம் மலைகளில் இருக்கும் பாறை என்ன பாறை என்று கேட்பவருக்கு அங்கே விடை இருக்கிறது.

சேருவது எளிது. அடையாளச் சான்று நகல், சிறிய காப்புத் தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா. உட்கார்ந்து படிக்க அதுவும் வேண்டாம். சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக, சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலாகும் பணம் அது. ஆகவே கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நூலகர் மேசையில் வாசகர் கோரிக்கை நோட்டு ஒன்று இருக்கிறது. நான் பார்த்தபோது அதில் தேர்வு வழிகாட்டிகளின் பெயர்களே நிறைந்திருந்தன. வேறு யாரும் எழுதாவிட்டால் அவைதான் வரும். வானியல், சிற்பம், புதிய வாடகைச் சட்டம் என்று மூன்று கோரிக்கைகளை நான் எழுதியிருக்கிறேன். உங்கள் நூலகத்திலும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, உங்களுக்கு வேண்டிய துறையை எழுதுங்கள். இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்குப் போனால் நூலகருக்குச் சற்று ஓய்வு இருக்கும். எண்களைக் காட்டி விளக்கச் சொன்னால் கூடவே நடந்து வந்து சொல்லித்தருவார்.