எதைச் செய்தாலும் அழுகை நிற்காத அறை: ‘தட் டிராகன், கேன்சர்’ கணினி விளையாட்டு

மவுஸை அசைத்தால் திரையில் ஏதாவது நடந்தாக வேண்டும் என்பது கணினி விளையாட்டு விளையாடிப் பழகிய எவருக்கும் ஊறிப்போன எதிர்பார்ப்பு. ‘தட் டிராகன், கேன்சர்’ விளையாட்டில் வரும் ஒரு மருத்துவமனை அறை அதைப் பொய்யாக்கிவிடுகிறது. உடலில் நீர் வற்றிப்போன குழந்தை ஒன்று இரவெல்லாம் அழுகிறது. தந்தை அதைத் தூக்கிப் பார்க்கிறார், அறைக்குள் நடந்து பார்க்கிறார், பழச்சாறு கொடுத்துப் பார்க்கிறார். கொடுத்தது வயிற்றில் தங்குவதில்லை. நாம் எந்தப் பொருளைச் சொடுக்கினாலும் அழுகை கூடுகிறதே தவிர குறைவதில்லை. ஏதோ ஒரு சரியான பொத்தான் இருக்கும் என்று சில நிமிடங்கள் தேடிய பிறகுதான், அப்படி ஒன்று இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

அழுவது ஜோயல் கிரீன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழும் ரயன், ஏமி தம்பதியின் மகனான அவனுக்கு, ஒரு வயதானபோது ஏடிஆர்டி எனப்படும் அரிய, வேகமாகப் பரவும் மூளைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதிக நாள் தாங்கமாட்டான் என்று மருத்துவர்கள் கருதிய குழந்தை, அதன் பின்னும் பல ஆண்டுகள் சிகிச்சையோடும் சிரிப்போடும் வாழ்ந்து, 2014 மார்ச்சில் தன் ஐந்தாவது வயதில் இறந்தான். மகன் உயிரோடு இருந்தபோதே ரயன் தம் நண்பர் ஜோஷ் லார்சனோடு சேர்ந்து இந்த விளையாட்டை உருவாக்கத் தொடங்கியிருந்தார். மரணத்துக்குப் பின் அதில் பெரும் பகுதியை மாற்றியமைத்து, 2016 ஜனவரி 12 அன்று வெளியிட்டார்கள். மொத்தம் இரண்டு மணி நேரம்தான். உருவங்களுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் வரையப்படவில்லை. ஆனால் குரல்கள் அந்தக் குடும்பத்தினுடையவை, ஜோயலின் சிரிப்பு உட்பட. முகமில்லாத உருவத்திலிருந்து உண்மையான குழந்தைச் சிரிப்பு வருவதற்குப் பழகிக்கொள்ளச் சற்று நேரமாகிறது.

இதில் மிகச் சிறந்தது, சிகிச்சை இனிப் பயன் தராது என்று மருத்துவர்கள் சொல்லும் காட்சி என்பேன். திருகினால் விலங்குகளின் ஒலி எழுப்பும் குழந்தைப் பொம்மை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முள்ளைத் திருப்பித் திருப்பி, ஒரே உரையாடலைத் தாய், தந்தை, மருத்துவர்கள் என ஒவ்வொருவர் மனத்திலிருந்தும் கேட்கிறோம். வெளியே பெய்யும் மழை மெல்ல அறைக்குள் ஏறுகிறது. மகன் பிழைப்பான் என்ற ஏமியின் உறுதியும், அதை நம்ப இயலாத ரயனின் தவிப்பும் ஒரே சோபாவில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் இருவரும் ஒரே துக்கத்தைத்தான் சுமப்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எளிதாக எண்ணிவிடுகிறோம். இந்தக் காட்சி அந்த எண்ணத்தைக் கலைக்கிறது.

மருத்துவமனை நடைபாதையில் ஜோயலை வண்டியில் வைத்து ஓட்டும் பந்தயம் வேடிக்கையாகவே தொடங்குகிறது. வழியில் பொறுக்கியவை அவனுக்கு ஏற்றப்பட்ட மருந்துகள் என்று முடிவில் தெரியும்போது கை கூசுகிறது. இதற்கு மாறாக, ஜோயலைக் குட்டி வீரனாக்கி, புற்றுநோயைக் குறிக்கும் டிராகனோடு மோதவிடும் பகுதி எனக்கு ஒட்டவில்லை. அண்ணன்மார்களுக்குச் சொல்லும் படுக்கைநேரக் கதை என்ற அளவில் அதற்கு நியாயம் உண்டு. ஆனால் தாண்டுவதும் ஈட்டி எறிவதும் பழகிய விளையாட்டாக மாறியதும், அதுவரை இருந்த கனம் வடிந்துவிடுகிறது. சில இடங்களில் எங்கே சொடுக்க வேண்டும் என்பதும் தெளிவாக இல்லை. அழுகை அறையின் குழப்பம் வேண்டுமென்றே வைத்தது, இது வடிவமைப்பின் குறை.

கிரீன் குடும்பத்தினர் ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர்கள். அழுகை அறை ஒரு ஜெபத்தில்தான் அமைதி காண்கிறது. இறுதிப் பகுதி தேவாலயத்துக்குள் நடக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது தடையாகலாம். எனக்கு ஆகவில்லை, ஏனெனில் ரயனின் ஐயத்தையும் கோபத்தையும் விளையாட்டு மூடி மறைக்கவில்லை.

வாங்க வேண்டுமா, யூடியூபில் பிறர் விளையாடுவதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெளியான சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் அப்படித்தான் பார்த்தார்கள். விற்பனையிலிருந்து தம் நிறுவனத்துக்கு ஒரு டாலர்கூட வந்து சேரவில்லை என்று 2016 மார்ச்சில் ரயன் எழுத நேர்ந்தது. வருமானம் ஒருபுறம் இருக்கட்டும். காணொளியில் பார்ப்பவரின் கை எப்படியும் சும்மாதான் இருக்கிறது. ஆகவே அந்த அறையில் தந்தையின் கை பயனற்றுப்போவது அவருக்குக் கதையாக மட்டுமே தெரியும். வாங்கி, ஹெட்போன் மாட்டி, ஒரே அமர்வில் விளையாடுங்கள். வீட்டில் இப்போது ஒரு பிள்ளை கீமோவில் இருந்தால் மட்டும், இதைப் பிறிதொரு காலத்துக்கு ஒத்திவையுங்கள்.