ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதா, வடிகட்டுவதா, மாத்திரை போடுவதா?

குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது, கடை கிடையாது. கூடாரம் போடக் கொஞ்சம் சமதளம், ஒரு குழிக் கழிப்பறை, சற்றுத் தள்ளி ஓர் ஓடை. ஒதுக்குப்புற முகாமிடம் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். கூடாரம் ஒழுகினால் ஓர் இரவு நனைவோம். தண்ணீரில் கோட்டை விட்டால், மருத்துவ உதவி எட்டாத இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்க வேண்டியதுதான். ஆனாலும் எந்தக் கூடாரம் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் ஆராய்பவர்கள், தண்ணீருக்கு என்ன செய்வது என்பதைக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள்.

வண்டி முகாம் வரை போகுமானால் இந்த அலசலே தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, கேன்களில் நிரப்பிக்கொண்டு போய்விடலாம். முதுகுச் சுமையோடு நடப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ.

நம்பிக்கையில் முதலிடம் கொதிக்க வைப்பதற்கே. பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் எதுவும் தப்பாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும்; 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். பத்து, இருபது நிமிடம் கொதிக்கவிடுவது எரிபொருளுக்குப் பிடித்த கேடு. சிக்கலும் எரிபொருளில்தான் இருக்கிறது. நூறு கிராம் கேஸ் டப்பாவில் ஆறேழு லிட்டர் கொதிக்க வைக்கலாம். காற்றடித்தால் அதுவும் குறையும். வெயிலில் நடந்து களைத்து வந்தவருக்குக் கிடைப்பது வெந்நீர் என்பது தனிக் கொடுமை.

வடிகட்டியில் காத்திருப்பு இல்லை. டயாலிசிஸ் கருவிகளில் உள்ளதைப் போன்ற நுண்குழல் இழைகள்தான் இதற்குள்ளும் இருக்கின்றன. துளை 0.1 மைக்ரான் அளவு. பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் அதில் நுழைய முடியாது, வைரஸ் நுழைந்துவிடும். மனித நடமாட்டமே இல்லாத மலை ஓடையில் இது பெரிய கவலை அல்ல. ஆனால் ஓடைக்கு மேல்புறம் ஊரோ இன்னொரு முகாமோ இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான், ஏனென்றால் நோரோவைரஸ் போன்றவை வருவது மனிதக் கழிவிலிருந்து. குளிர் இன்னொரு எதிரி. ஈரமான வடிகட்டி ஒரு முறை உறைந்தால், உள்ளே பனிக்கட்டி விரிந்து இழைகள் கிழிந்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது; தண்ணீர் வழக்கம்போல, சில நேரம் வழக்கத்தைவிட வேகமாகவே இறங்கும். உறைபனி இரவுகளில் அதை ஒரு பையில் சுற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, அநேகர் கவனிக்காதது: ஓடை நீரை நிரப்பி வடிகட்டியில் திருகிய பையைப் பிழியும்போது, அதன் திருகுவாயில் தேங்கிய அழுக்குத் துளி, சுத்தமான புட்டியின் விளிம்பில் சொட்டும். வாய் வைத்துக் குடிப்பது அதே விளிம்பில்தான்.

மாத்திரையின் பலம் எடை. சட்டைப் பையில் போட்டு மறந்துவிடலாம். குளோரின் டை ஆக்சைடு மாத்திரை, பாக்டீரியாவையும் வைரஸையும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடித்துவிடும்; கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாக கிரிப்டோ) என்ற கெட்டி ஓட்டு ஒட்டுண்ணிக்கு மட்டும் நான்கு மணி நேரம் வேண்டும். தண்ணீர் குளிர்ந்தோ கலங்கியோ இருந்தால் வேலை இன்னும் மெதுவாகும். அயோடின் மாத்திரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கிரிப்டோவிடம் அது பலிக்காது. கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் ஏற்றதல்ல. புற ஊதா விளக்குப் பேனாவையும் சிலர் எடுத்துப் போகிறார்கள். தெளிந்த நீரும் தீராத பேட்டரியும் இருந்தால் நல்லதுதான். சார்ஜ் போட வழியில்லாத இடத்துக்கு அதை மட்டும் நம்பிப் போவது எனக்கு ஒப்பவில்லை.

தேர்வு என்னுடையது என்றால், பகல் முழுவதும் வடிகட்டி, அது பழுதானால் கைகொடுக்க ஒரு பட்டை மாத்திரை. சமையலுக்கு எப்படியும் அடுப்பு எரிகிறது. அந்தத் தண்ணீரை வடிகட்டி நேரம் வீணாக்குவதில்லை. மேல்புறத்தில் மனிதர்கள் இருப்பது தெரிந்தால், வடிகட்டிய நீரிலும் மாத்திரை போட்டுவிடுவேன்.

வயலோரம் ஓடிவரும் பூச்சிமருந்துக்கும், பழைய சுரங்கத்தின் கசிவுக்கும், பச்சைப் படலம் மிதக்கும் குளத்தின் பாசி நஞ்சுக்கும் இவற்றில் எதுவும் மருந்தல்ல. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சுற்றுவட்டாரத்தில் அந்தக் குளம் மட்டும்தான் என்றால், தண்ணீரைச் சுமந்தே போங்கள். முடியாவிட்டால் வேறு முகாமிடம் பாருங்கள்.