மூலிகைச் சாற்றுக்கு எலிச் சோதனை: ஓசூர்ப் பக்கத்து ஆய்வகம் எப்படி?

சாம்பிள் அனுப்ப யோசிக்கும் தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி மூலிகை யூனிட்காரர்களுக்காக இது. சுருக்கமாகச் சொன்னால், இந்தத் தனியார் ஆய்வகத்தில் எலி வேலை சுத்தம். ரிப்போர்ட் எழுதுவதில்தான் கோளாறு.

சாற்றை ஒரே வேளை கொடுத்து நச்சுத்தன்மை பார்க்கும் சோதனையை ஓஇசிடி (OECD) என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் எண் வழிகாட்டு முறைப்படி செய்கிறார்கள். 8 முதல் 12 வார வயதுப் பெண் விஸ்டார் (ஆய்வக வகை) எலிகள், கட்டத்துக்கு 3. முன்தகவல் இல்லாத சாறு என்றால் கிலோ எடைக்கு 300 மி.கி.யில் தொடக்கம். ஒன்றுக்கு மேல் சாகாவிட்டால் அதே அளவில் இன்னும் 3, பிறகு 2000. முந்தின இரவே தீனி நிறுத்தம், தண்ணீர் உண்டு. 14 நாள் கவனிப்பு. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அது இல்லாத ரிப்போர்ட்டை எங்குமே வாங்காதீர்கள்.

கிலோவுக்கு 2000 மி.கி. அளவில்தான் கை சுத்தம் தெரியும். 200 கிராம் எலிக்கு 400 மி.கி.; எலியின் எடையில் 100 கிராமுக்கு 1 மி.லி. கணக்கில் அதை 2 மி.லி.க்குள் அடக்க வேண்டும். 0.5 சதவீத சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற கெட்டிப்படுத்தி) கரைசலில் கலக்கினால் கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வந்துவிடும், பிசின் அடியில் தங்கும். குலுக்காமல் உறிஞ்சினால் முதல் எலிக்குத் தெளிவு, கடைசி எலிக்கு மண்டி. இங்கே ஒவ்வொரு முறையும் சுழற்றிவிட்டுத்தான் சிரிஞ்சில் எடுக்கிறார்கள். வாய்வழியே இரைப்பைக்குள் சாறு செலுத்தும் குண்டுமுனை ஊசி தவறி மூச்சுக்குழலில் இறங்கினால் எலி சில நிமிடத்தில் மூக்கில் நுரை தள்ளிச் செத்துவிடும். பழி சாற்றின்மேல் விழும். செத்த எலியை அன்றே அறுத்து நுரையீரலைப் பார்ப்பதால் அந்தக் குழப்பம் இங்கில்லை.

இனி குறைகள். மெத்தனாலில் எடுத்த சாறு என்றாலும் மிச்சக் கரைப்பான் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. 28 நாள் சோதனையில், அதாவது ஓஇசிடி 407-இல், எலி எண்ணிக்கை சரி: குழுவுக்கு ஆண் 5, பெண் 5. ஆனால் ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்து சீரம் சிவந்திருந்தால் ஏஎஸ்டி (ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதி), பொட்டாசியம் இரண்டின் அளவும் பொய்யாக ஏறும். அதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரி கிடையாது.

பெரிய குறை, 14 நாள் சோதனைக்கே 'பாதுகாப்பானது' என்று முத்திரை குத்துவது. ஆடுதீண்டாப்பாளை மூலிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். சிறுகச் சிறுக நாள்பட்டு ஏறும் அந்தக் கேடு ஒரே வேளைச் சோதனையில் பிடிபடாது. நோயாளி மாதக்கணக்கில் சாப்பிடும் மருந்து என்றால் 90 நாள் சோதனையே பொருத்தம். அது இங்கே செய்வதில்லை.

எனவே 423-க்கு மட்டும் கொடுக்கலாம். ஒப்பந்தத்திலேயே, '2000 மி.கி. வரை சாவு இல்லை' என்பதற்கு மேல் முடிவுரையில் ஒரு சொல்லும் வரக்கூடாது என்று எழுதி வாங்கிவிடுங்கள். சாறு ஈரம் இழுக்கும், காற்றுப்புகாத பழுப்புப் பாட்டிலில் அனுப்புங்கள். பேட்ச் எண்ணை மறக்க வேண்டாம்.