திரையா, விறாந்தையா, மோட்டார் சைக்கிளா?

திருகோணமலையில் எங்கள் சபைக் கமிட்டியில் இரண்டு மாதமாக ஒரே இழுபறி. கையில் இருக்கும் காசுக்கு ஆலயத்துக்குள் பெரிய எல்இடி திரையும் நல்ல சவுண்ட் சிஸ்டமும் போடலாம். இல்லாவிட்டால் ஊழியருக்கு மோட்டார் சைக்கிளும் பெற்றோல் காசும் கொடுத்து, மூதூர்ப் பக்கம் சிதறிக் கிடக்கும் குடும்பங்களைப் பார்த்துவரச் சொல்லலாம். இரண்டுக்கும் காசு காணாது. இதற்கிடையில், "ரெண்டும் வேண்டாம், வீடுகளில் சின்னச் சின்னதாகக் கூடும் செல் குழு தொடங்குங்கோ, செலவே இல்லை" என்று மூன்றாவது கட்சி ஒன்றும் கிளம்பியிருக்கிறது.

திரைக் கட்சியின் ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். தம்பி மூன்று வருடமாகப் புதிய சபை ஒன்றுக்குப் போகிறான். ட்ரம்ஸ், கீபோர்ட், பேஸ்புக் லைவ், வாசலில் சிரித்த முகத்தோடு வரவேற்க நாலு பெடியள். "பாமாலைப் புத்தகத்தை எங்கே திறப்பது, எப்போது எழும்புவது என்று தெரியாமல் முழிக்கிறவன் அடுத்த கிழமை வருவானா?" என்று கேட்பான். நியாயமான கேள்விதான். "எப்படியாகிலும் சிலரை இரட்சிக்கும்படிக்கு நான் எல்லாருக்கும் எல்லாமானேன்" என்ற பவுலின் வசனமும் அவன் கையில் தயாராக இருக்கும்.

இந்த வழிக்குப் பேர்போனது சிக்காகோவுக்கு வெளியே 1975இல் தொடங்கிய வில்லோ கிறீக் சபை. தொடங்கியவர்கள் வீடு வீடாகப் போய், "ஏன் கோயிலுக்குப் போவதில்லை?" என்று கேட்டு, வந்த பதில்களுக்கு ஏற்ப ஆராதனையை வடிவமைத்தார்கள். ஆயிரக்கணக்கில் சனம் சேர்ந்தது. பிறகு தங்கள் சபையாரிடமே ஆய்வு செய்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள்: நிகழ்ச்சிகளில் கூடக் கூடப் பங்கெடுப்பதால் மட்டும் ஒருவர் விசுவாசத்தில் வளர்ந்துவிடுவதில்லை. பிழையை ஒளிக்காமல் சொன்னது பெரிய காரியம். ஆனால் கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தது திரையும் லைட்டும்தான், அந்தப் பாடம் வரவில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 'சபை வளர்ச்சி' என்ற பேச்சையே பெரிதாக்கியவர், இந்தியாவில் பிறந்து அங்கேயே மிஷனரியாக இருந்த டொனால்ட் மக்கவ்ரன். அவர் வழி வந்தவர்கள் வளர்ச்சியை மூன்றாகப் பிரிப்பார்கள்: விசுவாசிகளின் பிள்ளைகளால் வருவது, வேறு சபையிலிருந்து மாறி வருவது, புதிதாக விசுவாசித்து வருவது. தம்பியின் சபையில் இருக்கும் இளசுகளை எண்ணிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகங்களில் பாதிக்கு மேல் எங்கள் ஞாயிறு பாடசாலையில் படித்தவை. எங்கள் ஆட்கள் இதை 'ஆடு திருட்டு' என்பார்கள். "பட்டியில் புல் இருந்தால் ஆடு ஏன் வெளியே போகுது?" என்பது தம்பியின் பதில். அதற்குக் கமிட்டியில் ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் சேர்த்திதான்.

மக்கவ்ரனின் இன்னொரு கருத்தில்தான் சண்டை கடுமை. சாதி, மொழி வேலியைத் தாண்டாமலே கிறிஸ்தவராவதைத்தான் மக்கள் விரும்புகிறார்கள், ஆகவே ஒரே இனத்தாரிடையே ஊழியம் வேகமாகப் பரவும் என்றார் அவர். அப்படியானால் சுவிசேஷம் வேலியை உடைக்கவா, வெள்ளையடிக்கவா என்று கேட்டவர்களும் உண்டு. சாதியைக் கேட்காமலே விசாரித்து முடிக்கும் எங்கள் ஊரில், அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் பக்கம்தான் நான்.

சரி, செல் குழு. இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் தென்கொரியப் போதகர் யொங்கி சோ. 1960களில் வேலைப் பளுவால் அவர் விழுந்துபோக, சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்தார். ஆண்கள் தயங்கியபோது பெண்களே பொறுப்பெடுத்தார்கள். திருமலைக்கும் இது பொருந்தும். விறாந்தையில் பாய் விரித்துப் பத்துப் பேர் இருந்து தேத்தண்ணீர் குடித்தால் மேடையில் வராத கதையெல்லாம் வரும். ஆனால் ஜெபக் குறிப்பு என்று சொன்ன குடும்பப் பிரச்சினை மறுநாள் சந்தைக்கும் வந்துவிடும், அதுவும் உண்மை.

பெரிய சிக்கல் பக்கத்து வீடு. கோணேசர் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் நெருங்கி நிற்கும் ஊர் இது. வீட்டில் கூட்டமாகப் பாடினால் மதம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் உடனே எழும். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்போடு முரண்படுகின்றன என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தபோது, நிவாரணத்தோடு துண்டுப்பிரசுரமும் வருகிறது என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி ஜெப வீடுகளை மூடச் சொன்ன கதைகளும் உண்டு. ஆகவே 'செலவே இல்லை' என்பது பொய். அயலாரின் நம்பிக்கைதான் செலவு.

பழைய வழி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு சந்திப்பு. மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கையில் வந்திறங்கியது 1814இல். இங்கே புனித சூசையப்பர் கல்லூரி தொடங்கியது 1867இல். இந்த வழியின் குறை எல்லாருக்கும் தெரியும்: மெதுவு. படித்துப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் ஆலயத்துக்கு வந்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் கமிட்டி அழும். ஆனால் நற்செய்தி சொல்வது, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் கிடைக்கும் இடத்தைச் சொல்வது போன்றது என்றார் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் போதகர் டி. டி. நைல்ஸ். அதைத் திரையில் போட்டுக் காட்ட முடியாது. போய்க் கதவைத் தட்டித்தான் சொல்லவேண்டும்.

திரையை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது, கொழும்புப் பேராயரின் திருப்பலியை நாடு தொலைக்காட்சியில்தான் பார்த்தது. கொரோனாக் காலத்தில் எழும்ப முடியாத அம்மாவுக்கு என் போன்தான் ஆலயம். ஆனால் அதற்கு ஒரு போனும் கொஞ்சம் டேட்டாவும் போதும், சுவர் அளவு திரை தேவையில்லை.

என் வாக்கு மோட்டார் சைக்கிளுக்கு. தம்பிக்கு எங்கள் கமிட்டியில் வாக்கில்லை. ஆனாலும் நேற்று இரவு, "எந்த மொடல் வாங்கப் போறீங்கள்?" என்று கேட்டான். எங்கள் ஊழியருக்குக் கியர் போடத் தெரியாதாம். அவன்தான் பழக்கப் போகிறானாம்.